சாவி என் கையில்தான் இருந்தது

அக்கா,

புடவையெல்லாம் உன் காரின் புகை நாறுகிறது. துவைத்துப் போட்டும் போய்த் தொலையவில்லை.

நேற்று தம்பி லீவில் வந்திருந்தான். புத்தூர் ரோட்டுப் பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கிற புகை டெஸ்ட் வேனுக்கு அவன்தான் காரை ஓட்டிப்போனான். நான் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில். வேன்காரன் சைலன்சரில் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஃபெயில் அய்யிந்தம்மா" என்றான் தெலுங்கில்.

தம்பி அங்கேயே ஆரம்பித்துவிட்டான். "இரும்பு வெலைக்குத் தள்ளிடலாம்க்கா. ரிப்பேர் பண்ணி யாரு ஓட்டப்போறா? நான் சத்தியவேட்ல கம்பெனி வேலைல கீறேன். உனக்கு ஓட்டத் தெரியாது."

எனக்கு ஓட்டத் தெரியாது. அதற்கு யார் காரணம்? நீதான்.

எத்தனை தடவை கேட்டிருப்பேன்! தறி ஓட்டிச் சேர்த்த காசில் இதை செகண்ட்ஹேண்டில் வாங்கி, தெருவே பார்க்க நீ ஸ்டியரிங் பிடித்தபோது உன்னைவிட எனக்குத்தான் பெருமை. யாருக்குப் பிரசவ வலி என்றாலும் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போக உன்னைத்தான் கூப்பிடுவார்கள். "எனக்கும் கத்துக்குடுக்கா" என்றால் சிரிப்பாய். "நான் கீறேனே, உனக்கு எதுக்குடி? கியரை ஒடச்சிடுவ. கம்முனு உக்காரு." சொல்லிவிட்டு, உன் பூப்போட்ட பையை ஸ்டியரிங் பக்கத்துக் குமிழில் மாட்டுவாய். அதைப் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

அன்றைக்கு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறி ஓரம் சாய்ந்தாயே, அப்போதும் வண்டி வாசலில்தான் நின்றது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "யாரையாச்சும் கூப்புடுடி" என்றாய். தெருவில் ஓட்டத் தெரிந்த ஆம்பிளை ஒருத்தனும் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு, கையில் சாவியோடு, வாசலில் நின்றேன். அது வந்தபோது உன் கை சில்லிட்டிருந்தது. அந்தச் சாவியை இன்றைக்கும் சும்மா பார்க்க முடியவில்லை, பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று காலை மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, சோக்க இழுத்து வெச்சிக்கினே ஓட்டிக்கிறாங்க! பெட்ரோல் முழுசா எரியாம பிளக்கெல்லாம் ஒரே கரி." சோக் என்றால் எந்தக் குமிழ் தெரியுமா? உன் பூப்போட்ட பை தொங்கியதே, அதுதான். காலையில் வண்டியைக் கிளப்ப இழுத்துவிட்டு, சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டுமாம். நீ பை மாட்ட வசதியாக இருக்கிறது என்று இழுத்தபடியே விட்டிருக்கிறாய்.

இவ்வளவுதானா உனக்குத் தெரிந்தது? இதை வைத்துக்கொண்டா என்னைக் கியரை உடைத்துவிடுவாய் என்றாய்? பட்டறை என்றும் பார்க்காமல் உன்னைத் திட்டினேன். மெக்கானிக் திகைத்துப் போனார்.

"ரிப்பேர் பண்ணுங்க" என்றேன்.

கூட வந்திருந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "யாருக்கா ஓட்டறது?"

"நான்தான்டா."

உன் ஞாபகார்த்தம் என்று பூரித்துப் போய்விடாதே. இன்னொரு தடவை கையில் சாவியோடு வாசலில் நிற்க என்னால் ஆகாது.

சாயங்காலம் என் மகள் கேட்டாள், "நானும் கத்துக்கட்டுமாம்மா?" கற்றுக்கொள் என்றேன். கியரை உடைத்தால் உடைக்கட்டும். "நான் கீறேனே" என்று மட்டும் அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீ சொன்னியே அக்கா, எங்க கீற?