நகத்தில் ஏறிய சிவப்பு

மார்ச் 4, 2024. மதுராந்தகம்

இதய எக்கோ ஸ்கேன் முடிவு வந்தது. இதுவரை ஏற்றிய சிவப்பு மருந்து மார்பகப் புற்றுக்கட்டியைச் சுருக்கியிருக்கிறது, இதயத்தையும் தளர்த்தியிருக்கிறது. அதே மருந்தை நானோ அளவுக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்துத் தரலாம் என்கிறார் டாக்டர் ஜெயகிருஷ்ணன். கட்டியின் இரத்தக்குழாய்கள் ஓட்டையானவை. அங்கே குமிழி கசியும். இதயத்தின் குழாய்கள் இறுக்கமானவை, பெரும்பாலும் நுழையாது. "உங்களுக்குத் தெரியாததா, மேடம்?" என்றார். கல்லூரியில் வேதியியல் நடத்தியவளுக்குத் தெரியும்தான். "பெரும்பாலும்" என்பதன் பொருளும் தெரியும்.

இதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால்? கேட்டேன். வேறு மருந்து அதிகம் இல்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 12

முதல் குமிழி மருந்து ஏறியது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தால் சொல்ல வேண்டுமாம். வெந்நீர், தேய்த்தல், வெயில் கூடாது. தோல் உரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 20

கையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 9

இரண்டாவது. கடைத்தெருவில் மாவடு வந்திருக்கிறது. வாங்கவில்லை. ஊறி முடியும்போது யார் சாப்பிட?

ஏப்ரல் 30

நாத்தனார் கோமளம் மாமல்லபுரத்திலிருந்து வந்தாள், கொல்லையில் பறித்த மருதாணியோடு. "இந்த அசதி எல்லாம் மருந்துச் சூடு, மன்னி. இது இழுத்துடும். கையை நீட்டுங்கோ."

இரத்தத்தில் ஓடும் மருந்தை இலை இழுக்குமா? சிரித்திருக்க வேண்டும். கையை நீட்டினேன், காலையும் நீட்டினேன். சில நாட்களாக உள்ளங்கை எரிவதுபோல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 7

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. நர்ஸ் தமிழ்ச்செல்வி என் கையைத் திருப்பினாள். "இன்னாம்மா இது, யாருக்குக் கல்யாணம்?" பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இந்தச் செவப்புக்கு அடியில மருந்தோட செவப்பு இருக்கா இல்லையான்னு நான் எப்படிப் பாக்கறது, மேடம்? எரியுதா?"

தெரியவில்லை என்றேன். உண்மை. எரிகிறது என்று நினைத்தால் எரிகிறது. நிறம் மங்கும்வரை மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்.

ரயிலில் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். கட்டி காத்திருக்குமா? கோமளத்தைத் திட்ட வேண்டும் — திட்டி என்ன — நீட்டினது நான்தானே, மடச்சி. பயமா இருக்கு. எழுதிவிட்டேன். பயமா இருக்கு.

மே 13

மங்கவில்லை. கோமளம் போனில் அழுதாள். "புளி வச்சுத் தேச்சுப் பாருங்கோளேன், மன்னி." தேய்க்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? வைத்துவிட்டேன்.

மே 18

ஆரஞ்சு நிறமாகியிருக்கிறது. அதற்கடியில்? ஜன்னலருகே நின்று பார்த்தேன். பிறகு பார்க்காமலிருக்கக் கையுறை மாட்டிக்கொண்டேன்.

மே 23

டாக்டர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வெறும் தோல், சுருங்கிய, அழகற்ற, என் தோல். பாதத்தில் மட்டும் லேசான சிவப்பு, அதனால் அளவைச் சற்றுக் குறைத்து ஏற்றினார்கள். புது எக்கோவில் இதயம் மேலும் தளரவில்லை. "அடுத்த கல்யாணத்த எங்கிட்ட சொல்ட்டு வச்சிக்கோம்மா," என்றாள் தமிழ்ச்செல்வி.

ஜூன் 16

கோமளத்தை ஆவக்காய்க்கு மாங்காய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இலை கொண்டுவந்தால் அதே பேருந்தில் திருப்பி ஏற்றுவேன்.

நகங்களில் மட்டும் சிவப்பு மிச்சம். அடியில் பிறைபோல் வெள்ளை வளர்ந்திருக்கிறது. கடைசிச் சிவப்பும் நுனிக்கு வந்துசேர ஐப்பசி ஆகிவிடும். நகவெட்டியை எங்கே வைத்தேன், தேட வேண்டும்.