கருவாட்டுக்கும் சேர்த்து எடுத்த ஸ்பிரிங்

பார்சலைப் பிரித்ததும், துரு ஏறாமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயின் வாசனை கடை முழுக்கப் பரவியது. நீ ஆர்டர் செய்த பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் உள்ளே இருந்தன. பெட்டியின் மேல் உன் பெயர், எங்கள் கடை முகவரி. நான் ஒரு துணியை எடுத்து இரண்டையும் துடைத்தேன். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. நீ போனதிலிருந்து கை ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றை உன் காரில் மாட்ட வேண்டியிருந்தது. உன் அம்மை மாட்டக்கூடாது என்றார். மழை தொடங்கியிருந்தது. அந்தக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போகிறவள் இப்போது நான்தான்.

குவைத்தில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்கு வந்தபோது, வீட்டுக்கு மாடி எடுப்பாய் என்றுதான் உங்கள் தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். நீ திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் விற்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரித்த மறுநாளே அதைத் தக்கலையில் நான் வேலை பார்க்கும் வீல் அலைன்மென்ட் கடையில் கொண்டுவந்து நிறுத்தினாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் நான். மெக்கானிக்கல் படித்திருந்தும், ஆட்களிடம் அதிகம் பேச வேண்டாம் என்பதால் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். நீ கண்ணாடியை இறக்கி, "ஏட்டி, படிச்ச படிப்புக்கு ஒரு வேல தாறேன், வாறியா?" என்றாய்.

வேலை, சஸ்பென்ஷன் தேர்ந்தெடுப்பது. கோயம்புத்தூர் பக்கம் உள்ள டிராக்கில் அந்தக் காரை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது உன் ஆசை. அதே கார்தான் உன் அம்மையைக் களியக்காவிளையில் இருக்கும் சித்தி வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். டிராக் வளைவில் கார் சாயாமல் இருக்க ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும். நம் ரோட்டுக் குழிகளுக்கு அது இளக்கமாக வேண்டும். நான் ரோட்டின் பக்கம் பேசினேன். வருஷத்தில் ஒருமுறையோ இருமுறையோ போகிற டிராக்குக்காக மற்ற நாளெல்லாம் முதுகை உடைத்துக்கொள்வானேன் என்றேன். நீ என் வாயை அடைத்துவிட்டாய். "ரோட்டுல தப்பு பண்ணுனா சீட்டு குலுங்கும். டிராக்குல தப்பு பண்ணுனா வண்டி போயிரும். எதப் பாக்கணும், நீயே சொல்லு."

கடைசியில் நடுத்தரமான ஸ்பிரிங், அதனுடன் குமிழைத் திருகி விறைப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷாக் அப்சார்பர் என்று ஒத்துக்கொண்டோம். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று முடிவுசெய்ய எடை தெரிய வேண்டும். களியக்காவிளை போகும் வழியில் ஒரு எடைமேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் ஏற்றி எடை பார்த்தோம். பின்பக்கம் நான் கணக்குப் போட்டதைவிடக் கனமாக இருந்தது. கருவி சொன்னால் சரிதான் என்று விறைப்பான பின் ஸ்பிரிங்கை எடுக்கச் சொன்னவள் நான்.

நம் ஊரில் ஒரு வண்டி உறவுக்காரர் வீட்டுப் பக்கம் வெறுமனே போகாது. அன்று காலையில் உன் அம்மை நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிக்கியில் ஒரு சாக்குக் கருவாடும் தேங்காயும் இரண்டு பலாச்சக்கையும் ஏற்றியிருந்தார். சாயங்காலம் சித்தி வீட்டில் அதையெல்லாம் இறக்கி வைத்தபோதுகூட நமக்கு உறைக்கவில்லை.

டிராக்கில் மூன்றாவது வளைவில் பின்பக்கம் விலகி, கார் ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நான் ஓடி வருவதற்குள் நீ இறங்கிவிட்டாய். உனக்கு ஒன்றும் இல்லை. ஸ்பேனர் எடுக்க டிக்கியைத் திறந்தாய். காலி டிக்கியிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "மக்கா, அம்மைக்க கருவாட்டுக்கும் சேத்தில்லா ஸ்பிரிங் எடுத்திருக்கோம்." அந்தப் புல்லில் உட்கார்ந்து நாம் சிரித்ததைப் பார்த்து, தலையில் அடிபட்டுவிட்டது என்று டிராக் ஆட்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

டிக்கி காலியாக இருக்க மறுபடி எடை பார்த்தோம்; பின்பக்கத்துக்கு அந்த ஸ்பிரிங் விறைப்பு அதிகம் என்று தெரிந்தது. இளக்கமான பின் ஸ்பிரிங்கை இந்த முறை நீயே பார்த்து ஆர்டர் போட்டாய். அது வருவதற்குள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், உயிரோடு திரும்பவில்லை. செய்தி கேட்ட எல்லாரும் முதலில் கேட்டது, "வண்டியிலயா?" என்றுதான். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் நன்றாகப் பேச வருகிறது.

நேற்று ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். பழையதோடு மழையில் ஓட்டினால் பின்பக்கம் வழுக்கும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் அம்மை கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வழுக்கும்னு தெரியும் மக்களே. ஆனா அது குலுங்கும்போ அவ ஓட்டுற மாதிரியே இருக்கு. கழட்டாத."

ஸ்பிரிங்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து வளையம் வளையமாகத் தடவினார்.

"இத அவ பாத்தாளா?"

"நேர்ல பாக்கல்ல அம்மா. படத்துல பாத்துட்டு, இதுதான் வேணும்னு சொன்னா. மத்தது நான் சொல்லி எடுத்தது. இது அவ எடுத்தது."

வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். உன் அம்மை ஸ்பிரிங்கை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்ப மாட்டு" என்றார்.

இன்று காலை மாட்டிவிட்டேன். அலைன்மென்ட்டும் நானே பார்த்தேன். மத்தியானம் மழையில் அவரைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ சொன்னது சரி, இதுதான் இந்தக் காருக்கு ஏற்றது. ஈரத்திலும் பின்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. குழித்துறைப் பாலத்தில் தூக்கிப் போடும் இடம் வந்ததும் என் தோள் தானாக இறுகியது. பக்கத்தில் உன் அம்மை மேல் கைப்பிடியை எட்டிப் பிடித்தார். கார் சத்தமில்லாமல் அதைக் கடந்துவிட்டது. நாங்கள் இருவரும் வராத ஒரு குலுக்கலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே இருந்தோம். பாலம் முடிந்த பிறகும் அவர் கைப்பிடியை விடவில்லை. என் தோளும் இளகவில்லை.