வாடல் யார் வீட்டுப் பிள்ளை

மே 12
இன்று காலை வாடல் நோயைக் குடித்துவிட்டேன். தக்காளித் தண்டை வெட்டிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டால், அந்த நோய்க் கிருமியான பற்றீரியா இருந்தால் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி நூல் இறங்கும். நன்றாகவே இறங்கியது. தண்டை எறிந்தேன், கிளாஸை மேசையில் வைத்தேன், போன் பேசிக்கொண்டே ஒரே மடக்கு. என் மனைவி றுஸைனா சிரித்துச் சிரித்து இருமினாள். "பயப்படாதீங்க. ஒங்களுக்கு வாட இனி என்ன ஈக்குது?"

மே 15
அரை ஏக்கரும் பச்சையாகவே தலை தொங்கிவிட்டது. மேல் வயல் தங்கை கைறுன்னிஸாவின் கணவர் ஜைனுதீன் மச்சானுடையது. அங்கேயும் வாடல். அவர் தண்ணீர்தான் என் வயலுக்கு வடிகிறது. யட்டவத்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில், "மச்சான் எனக்கு வாய்க்கால்ல நோய் அனுப்புறாரு" என்று ஒரு பகிடி விட்டேன். நான் வீடு சேருமுன் பகிடி அவர் வீடு சேர்ந்துவிட்டது.

மே 23
மச்சான் மகள் ஜஸ்லாவின் நிக்காஹுக்கு ஊரெல்லாம் சொல்லியாயிற்று. தாய்மாமனான எனக்குத்தான் சொல்லவில்லை. தங்கை போன் எடுப்பதில்லை. இந்த வாய எங்க கொண்டு வைக்கிறது?

மே 27
பல்கலைக்கழகத்திலிருந்து கிருஷாந்தினி மிஸ் வந்தார். இந்தப் பற்றீரியாவின் மரபணுவை ஆராய்கிறாராம். "பேரு ஒண்ணுதான் அங்கிள், உள்ளுக்குப் பல வகை. ரெண்டு வயல்லயும் ஒரே வகைன்னா, அங்கயிருந்து இங்க வந்திருக்கலாம்." இரண்டு பை தந்தார். எனதில் ஒரு செடி, மச்சானதில் ஒரு செடி. என் பகிடிக்கு விஞ்ஞானச் சான்று!

மே 28
இரண்டு பையும் கொடுத்தாயிற்று.

ஜூலை 9
மிஸ் போனில் கூப்பிட்டார். இரண்டும் வேறு வேறு வகையாம், கிட்டின சொந்தம்கூட இல்லையாம். அப்படியென்றால் மச்சான் அனுப்பவில்லை. நான் வாங்கிய நாற்றோடு வந்ததா? என் பூட்ஸ் சேற்றோடா? ஐயோ, சும்மா கெடந்த மனுசன என்ன பேச்சுப் பேசிட்டேன்!

ஜூலை 10
அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் வீட்டுக்குப் போய், முடிவைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஒங்கட கிருமியும் ஒங்களப் போலத்தான் மச்சான், தனி ஜாதி" என்றார். உள்ளிருந்து தங்கை தன் அண்ணனைக் கூப்பிட்டாள்: "நானா, வட்டிலப்பம் ஈக்குது, தின்னாமப் போகாதீங்க." இருவரும் முன்னால் வந்து நின்று நிக்காஹுக்குச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கியது. வட்டிலப்பம் இரண்டு துண்டு.

ஜூலை 20
நிக்காஹ் நல்லபடி முடிந்தது. நான்தான் சாட்சிக் கையெழுத்து.
மே 28இல் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு; மன்னிப்புக் கேட்க ஒரு சாக்குக் கிடைத்ததென்று ஜூலை 9இலும் அதை விழுங்கிக்கொண்டேன். அன்று மச்சான் வயலில் கால் வைக்க எனக்கு முகமில்லை. இரண்டு செடியும் என் வயலில் பிடுங்கியவை.