உட்காரப் பழகின வருஷம்

1978, ஜூலை 10
டைப் இன்ஸ்டிடியூட்டில் இன்றும் நான்தான் பெரியவன். மற்றதெல்லாம் பாவாடை தாவணி. முப்பத்தேழு வயதில், ஆறு மாதமாக ‘யளனக’ என்று விரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் கிளார்க் பரசுராமன், “இன்னா வேடியப்பா, டீ வாங்கியார கையால டைப்பு அடிக்கப் போறியா?” என்றான். சிரித்து மழுப்பினேன். உள்ளே எரிந்தது.

டைப்பிஸ்ட் ராமகிருஷ்ணன் சார் அடுத்த ஜூனில் ரிடையர். “அதுக்குள்ள டைப்பு லோயர் பரீட்சை பாஸ் பண்ணு வேடியப்பா, அந்த இடத்துக்கு உன் பேரையே எழுதறேன்” என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் வெளியாள் வந்துவிடுவான். நான் கடைசிவரை பியூன்தான், பெல் அடித்தால் ஓட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 2
கீயைப் பார்க்காமல் ஒரு பக்கம். ஐந்தே தப்பு!

ஆகஸ்ட் 19
வேலூரில் பரீட்சை. போச்சு.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் ஏழு போயிருக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பார்த்தால் பெரிய அதிகாரி. நான் எழுந்து நின்றுவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு! ஹால் முழுக்க மெஷின் தடதடங்குது, நான் ஒருத்தன் மட்டும் மரமாட்டம் நிக்கறேன். “உட்காருப்பா, உட்காரு” என்று அவரே பதறிப்போய்க் கையைக் காட்டினார். உட்கார்ந்தால் எந்த வரின்னே தெரியல. ரெண்டு வரி விட்டுப்போச்சு. சீ! உன்ன எவன்டா எழுந்துக்கச் சொன்னான்?

அக்டோபர் 20
பெயில்.

அக்டோபர் 22
பாஞ்சாலையிடம் இன்றுதான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பயந்தேன். கட்டினவள் சிரிக்கவில்லை. “தெருவுல ஜீப்பு போனாலே சோத்துத் தட்ட விட்டுட்டு எழுந்துக்கிறீங்க. அங்க மட்டும் கால் சும்மா இருக்குமா?” என்றாள். அப்படியா செய்கிறேன்? பதினாறு வருஷ பியூன் வேலையில் நான் கவனித்ததே இல்லை. விரலைப் பழக்கினேன், காலை விட்டுவிட்டேன்.

நவம்பர் 6
இன்ஸ்டிடியூட் நடத்தும் சந்திரகலாவிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னது. “நாங்க எழுப்பறோம், நீங்க எழுந்துக்காதீங்கண்ணே” என்றது. இன்றே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அடிக்கும்போது ஒருத்தி கதவைப் படாரென்று திறக்கிறாள், ஒருத்தி முதுகுக்குப் பின்னால் செருமுகிறாள். நாலு தடவை எழுந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 12
இன்று மூன்று தடவைதான்.

டிசம்பர் 9
கார்த்திகை தீபத்துக்கு ஆபீசில் மீட்டிங். விடிந்ததிலிருந்து ஜீப் மேல் ஜீப். நாள் முழுக்க நின்றேன். பழகினதெல்லாம் மண்ணாய்ப் போய்விடுமோ? ஆபீசில் எழுந்து நிற்பது என் வேலை, அதில் குறை வைக்க மாட்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று இந்த மண்டையில் ஏற வேண்டும். அண்ணாமலையாரே, அது போதும்.

1979, ஜனவரி 17
சந்திரகலா பின்னால் வந்து நின்று, “வேடியப்பா, தண்ணி!” என்று எங்கள் ஆபீசர் மாதிரியே அதட்டியது. முழங்கால் லேசாகத் தூக்கியது. அவ்வளவுதான். வரி தப்பவில்லை.

பிப்ரவரி 24
மறுபடி வேலூர். நடுவில் யாரோ வந்து பக்கத்தில் நின்றார்கள். பளபளவென்று பூட்ஸ். பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு அடித்தேன். பூட்ஸ் நகர்ந்தது. யாருடையது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மே 3
பாஸ். பாஞ்சாலை வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் உள்ளே போய் அழுதேன்.

ஜூலை 2
ராமகிருஷ்ணன் சார் இருந்த இடத்தில் முதல் நாள். நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, அட்டை மடித்து வைக்க வேண்டும்.

பத்தரைக்கு ஜீப் சத்தம். ஆபீசர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், பரசுராமன்தான் முதலில். நான் பாதி வரியில் இருந்தேன். அந்த வரியை முடித்து, புள்ளி வைத்துவிட்டு எழுந்து வணக்கம் சொன்னேன். ஆபீசர் அதுவரை என் மேஜை அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“உட்காருங்க, வேடியப்பன்” என்றார்.

உட்கார்ந்தேன்.