அக்கா பிடித்துக் கொடுத்த தண்ணீர்

அன்புள்ள லோரெயினுக்கு,

கப்பல் வேலையில் நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். மில்வாக்கியில் பனி விட்டபாடில்லை. பஸ் டிப்போவில் எனக்கு இன்னும் விடிகாலை ஷிப்டுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் எலைஜாவின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதாம். ஒரு வயதுப் பரிசோதனையில் தெரிந்தது. நன்றாகச் சாப்பிடுகிறான், வீடெல்லாம் ஓடுகிறான். பேச்சுதான் இன்னும் வரவில்லை. "இதனாலதான்னு இப்பவே சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர். அந்த 'இப்பவே' என்னைத் தூங்கவிடுவதில்லை.

வந்தது உன் அக்கா வெர்னா வீட்டுக் குழாயிலிருந்து. அவள் வீட்டில் நடத்தும் பிள்ளைகள் காப்பகத்துக்கு உரிமம் வேண்டுமென்றால் தண்ணீரைச் சோதித்துத்தானே ஆகவேண்டும்? போன வருடம் தேறிவிட்டது என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். பழைய ஈயக் குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில்தான் காரீயம் ஊறுமாம்; அதனால் சோதனைக்கு இரவெல்லாம் குழாயை மூடி வைத்து, காலையில் முதலில் வருவதைப் பிடிக்க வேண்டுமாம். உன் அக்காதான் விருந்தாளி வந்தால் துடைத்த தட்டையே மறுபடி துடைக்கிறவளாயிற்றே! "ராத்திரி பூரா கெடந்த தண்ணியையா கவர்மெண்டுக்குக் குடுப்பாங்க? நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க? நல்லா ஓடவிட்டு, சில்லுனு வந்தப்புறம்தான் புடிச்சேன்" என்று, இப்போது விசாரிக்க வந்த சுகாதார அதிகாரியிடமே பெருமையாகச் சொன்னாள். அவர் மறுநாள் காலையில் தானே வந்து முதல் தண்ணீரைப் பிடித்தார்; அதில் காரீயம் அளவுக்கு மேல் இருந்தது. குழாயை மாற்றும்வரை காப்பகத்தை மூடச் சொல்லிவிட்டார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் வருவதற்குள் காப்பி போட்டு, பாத்திரம் கழுவி, தண்ணீர் நிறைய ஓடியிருக்கும். என் ஷிப்டுக்காக முதலில் போய் இறங்குகிறவன் நம் பிள்ளை. அவன் பால் பவுடரைத்தான் அந்த முதல் தண்ணீரில் கலந்திருக்கிறாள். அவளைத் திட்டலாம் என்றால், கொண்டுபோய் விட்டவன் நான்தானே.

இப்போது என் தம்பி மனைவி அவனைப் பார்த்துக்கொள்கிறாள். வெர்னா சர்ச்சுக்கும் வருவதில்லை. ஞாயிறன்று கீரையும் மக்ரோனியும் நம் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டாள். பிறகு போனில், "கடையில வாங்குன தண்ணியிலதான் சமைச்சேன், கர்ட்டிஸ்" என்றாள். நான் சாப்பிட்டேன். பிள்ளைக்கு ஊட்டக் கை வரவில்லை.

அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். "அவன் எங்கிட்டதான் அடங்குவான், நான் தூக்கி வச்சுக்கிறேனே" என்று வெர்னா கேட்கிறாள். உண்மைதான், ஊசியைக் கண்டால் அவன் என்னிடம் நிற்கமாட்டான். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். வரட்டும் என்று நீ எழுது, லோரெயின். என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

கடலில் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
கர்ட்டிஸ்