நீ முடிவெடுப்பதற்குள் முளைத்த ஃபிளக்ஸ்

மாப்ள,

நேற்று வேப்பந்தட்டை தாண்டி உன் ஊருக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வானம் கறுத்திருந்ததால் ரோட்டோரம் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை எல்லோரும் அவசரமாகக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குவியலின் மேல் பழைய ஃபிளக்ஸ் ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். காற்றில் அதன் ஓரம் தூக்கியபோது உன் முகம் தெரிந்தது, தலைகீழாக. பறந்துவிடாமல் இருக்க உன் நெற்றியில் ஒரு செங்கல். நான் வண்டியை நிறுத்தியதைப் பார்த்து, குவித்துக்கொண்டிருந்த அக்கா, "என்ன தம்பி, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டது. இல்லக்கா என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அந்த ஃபிளக்ஸின் மேல்தான்.

பெரம்பலூரில் நாம் இரண்டாம் வருஷம் முடிக்கப்போகிற நேரம். கபடியில் நீ இடது கார்னர், நான் உன் பக்கத்தில் கவர். ரைடர் உள்ளே வந்தால் அவன் காலை நீ பிடிப்பாய், மேலே நான் விழுவேன். பல்கலைக்கழகப் போட்டியில் உன் பிடியைப் பார்த்துவிட்டு வடக்கே ஒரு அணியிலிருந்து போன் வந்தது. லீக் ஏலத்துக்குப் பெயர் கொடுக்கிறாயா, எடுத்தால் உடனே கேம்புக்கு வர வேண்டும், கல்லூரியெல்லாம் அப்புறம் என்றார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் அன்று ஒருவரும் சாம்பாரைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பி.டி. சார் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசி வருசத்த முடிச்சிரு. டிகிரி கையில இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கயாவது உள்ள போயிரலாம். ஏலம் அடுத்த வருசமும் நடக்கும்டா" என்றார். "ஏலம் நடக்கும் சார், என் காலு இப்படியே இருக்குமா?" என்று நீ கேட்டாய். இப்போது யோசித்தால் அது நல்ல கேள்விதான்.

ஒரு வாரம் நீ சரியாகத் தூங்கவில்லை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று என் காதைத் தின்றாய். இருபது வயதில் எடுக்கிற ஆளை இருபத்தொன்றில் எடுப்பார்களா என்பாய். அடுத்த நிமிஷமே, எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன செய்வது என்பாய். கடைசியில் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகப் பஸ் ஏறும்போது படியில் நின்றுகொண்டு சொன்னாய்: "போகலடா. முடிச்சிட்டே போறேன். திங்கக்கெழம சார்ட்ட சொல்லிரலாம்." உன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே போன் செய்தாய். குரலே சரியில்லை. "மாப்ள, பஸ் ஸ்டாப்புல என் மூஞ்சிய வச்சிருக்கானுங்கடா."

போன் வந்த செய்தி உனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. உன் பங்காளிப் பையன்கள் வாட்ஸ்அப்பிலிருந்து உன் படத்தை எடுத்து, உன் பின்னால் ஒரு சிங்கத்தை நிற்க வைத்து, கீழே கறுப்புக் கண்ணாடியும் காதில் செல்போனுமாகத் தங்கள் முகங்களை வரிசையாக அடுக்கி, மின்கம்பத்துக்கும் புளிய மரத்துக்கும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். 'ஏலக் களத்தில் எங்கள் சிங்கம்.' பெயரே இன்னும் கொடுக்கவில்லை! நம் பக்கத்தில் ஒருவன் பரீட்சை எழுதப் போனாலே பாஸானதற்கு ஃபிளக்ஸ் அடித்துவிடுவார்கள். அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, அதுதான் கொடுமை. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போட்டாவது கழற்றச் சொல்லியிருக்கலாம்.

போகப்போவதில்லை என்று நீ வீட்டில் சொல்லிப் பார்த்தாய். உன் ஆட்டத்தை ஒரு நாளும் பார்க்க வராத உன் அப்பா, அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று ஃபிளக்ஸை முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் சொன்னதை நீ எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாய். "போட்டாச்சு. இனிமே போகலன்னா நான் எப்புடிடா ஊருக்குள்ள நடமாடுறது?" கையில் வெங்காயச் சாக்கோடு நின்றபடி சொன்னாராம். அவ்வளவுதான். திங்கட்கிழமை நீ சாரைப் பார்க்கப் போகவே இல்லை.

ஏலத்தில் எடுத்தார்கள். நானும் உன் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து அந்த சீசனைப் பார்த்தேன். ஜெர்ஸியின் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பாய். கேமரா உன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கடையே விசில் அடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு என்னத்துக்குடா விசில் என்று எனக்கு எரியும். ஒரே ஒரு ஆட்டத்தில், தோற்பது உறுதியான பிறகு, உன்னை இறக்கினார்கள். யாரும் உன் பக்கம் ரைடு வரவில்லை. அப்புறம் பயிற்சியில் முழங்கால் திரும்பியது. அடுத்த ஏலத்தில் உன் பெயர் வாசிக்கப்பட்டது, யாரும் கை தூக்கவில்லை. கல்லூரியில் திரும்பச் சேர்ந்துவிடு என்றேன். "ஜூனியர் பசங்களோட உக்காரணுமாடா, சிங்கம்?" என்று நீ சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபிளக்ஸை அவிழ்க்கச் சொல்லி நீ கெஞ்சியதும் எனக்குத் தெரியும். அவிழ்க்க மாட்டார்கள். அவர்கள் முகமும் அதில் இருந்ததே. பஸ் ஸ்டாப்பைத் தவிர்க்க நீ சோளக்காட்டு வழியாக நடந்து போய் அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறினாய்.

அதற்குள் நான் டிகிரி முடித்து, பி.டி. சார் சொன்ன மாதிரியே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் சேர்ந்துவிட்டேன். உன்னைவிட நான் சுமாரான ஆட்டக்காரன். நீ பிடித்த கால்களின் மேல் விழுந்தே பெயர் வாங்கியவன். நீ முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, எந்த ஊர் கூப்பிட்டாலும் அந்த ஊர் டீமுக்கு ஒரு நாள் ஆட்டக்காரனாகப் போய்க்கொண்டிருந்தாய்.

அரியலூர்ப் பக்கம் நடந்த அந்தக் கடைசிப் போட்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன், ஆட இல்லை, பார்க்க. ரைடர் உன் பக்கம் வந்தான். பழைய நீயாக இருந்தால் அவன் கணுக்கால் உன் கையில் இருந்திருக்கும். முழங்கால் மடங்காததால் குனிய முடியாமல் நேராகப் போய் மோதினாய். அவன் முட்டி உன் நெஞ்சில் இறங்கியது. எழுந்து நின்று, "ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல" என்று கையைக் காட்டினாய். பிறகு கோட்டின் மேலேயே உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸில் உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

மறுநாள் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். அதே படம்தான், சிங்கத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே அதே பையன்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னை வாங்கக் காத்திருந்தபோது உன் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ஒரு வருசத்தப் படிச்சிருந்தான்னா, இவனும் ஒன்னோட ரயில்வேயில இருந்திருப்பானாப்பா?" என்ன சொல்ல? உன் அப்பாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "இருந்திருப்பான்ப்பா" என்றேன்.

அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்ததைச் சொன்னபோது, "அவனுக்கும் குடுத்திருப்பாங்க. பக்கத்துப் பக்கத்து வூடா கேட்டு வாங்கியிருப்பீங்க" என்றார். பிரமோஷன் வந்தபோது, "அப்ப அவனுக்கும் வந்திருக்கும்" என்று எழுந்து போய்க் கடையிலிருந்து மிக்சர் வாங்கி வந்தார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, எனக்கு நல்லது ஏதாவது நடந்தால் அவரிடம் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேற்று போனது என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க. வரதராஜன்பேட்டையில் எங்கள் மாதா கோயிலில், ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் அப்பா விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கி, பெண்ணின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பொண்ணுக்குத் தங்கச்சி இருக்காப்பா?" என்றார்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரு அண்ணன் மட்டும்தான்.

"இருக்குப்பா."

"பேரு?"

"ஸ்டெல்லா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "வேதக்காரப் பொண்ணு... பரவால்ல. அவன் சந்தோசமா இருந்தா சரி" என்றார்.

உனக்குப் பெண் பார்த்தாயிற்று மாப்ள. ஸ்டெல்லா. அடுத்த முறை நான் போகும்போது அவர் கட்டாயம் விசாரிப்பார். நான் அந்தப் பெயரை மறந்துவிடக் கூடாது.