கோட்டின் மேல் ஒரு ஏக்கர்

பிப்ரவரி 3

நேற்று காலை நிலம் ஆடியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். இராஜபாளையத்தில் யாருக்கும் அடியில்லை. என் குடோனில் பேண்டேஜ் துணிக் கட்டுகள் மேல் வரிசை சரிந்தது, அவ்வளவே. தறிக்கூடத்துப் பெண்கள் மதியம் வரை உள்ளே போகவில்லை. "தறி ஆடுனா சம்பளம் தருவீக. தரை ஆடுனா யாரு தருவாக்கா?" என்றாள் பொன்மணி. சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 5

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹம்ஸா என்றொரு பெண் வந்தாள். பெரிய ஆட்டத்துக்குப் பின் சின்னச் சின்ன அதிர்வுகள் சில வாரம் வருமாம். நம் காலுக்குத் தெரியாதாம். பல இடங்களில் கருவி புதைத்து, எந்தக் கருவிக்கு எப்போது வந்து சேர்கிறது என்று பார்த்தால், கிளம்பிய இடத்தைக் கணக்குப் போடலாம். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கும் பிளவு தெரியும் என்றாள். ஒரு கருவியை என் குடோனில் வைக்கச் சம்மதித்தேன். தர்மத்துக்கு இல்லை. என்ன தெரிந்தாலும் எனக்கு முதலில் தெரியட்டும் என்றுதான்.

பிப்ரவரி 9

ஹம்ஸா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கருவி முழுக்க என் தறிகள்தான் பதிவாகியிருக்கின்றன. "மேடம், பூமி பேசுறதே கேக்கல. உங்க தறிதான் கேக்குது." இரவிலாவது நிறுத்த முடியுமா என்றாள். ஆஸ்பத்திரி ஆர்டர் நிற்கிறது, முடியாது.

செண்பகத்தோப்பு ரோட்டில் புதுத் தறிக்கூடம் கட்ட ஒரு ஏக்கருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். அங்கே பக்கத்தில் ஒரு மோட்டார்கூட இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் சம்பத்குமார், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலை ஒட்டிய மாடவீதிக்காரர். போனில் கேட்டேன். "பேஷா வைக்கட்டும்மா. பூமியைக் கேக்கறதுக்கு என்கிட்ட எதுக்கு உத்தரவு?"

பிப்ரவரி 10

கருவியை மாற்றியாயிற்று. வந்த ஹம்ஸாவுக்குச் சம்பத்குமார் புளியோதரை கட்டிக் கொடுத்தாராம்.

பிப்ரவரி 27

சம்பத்குமார் வந்தார். சித்திரை பிறப்பதற்குள் தம்பிகள் இருவருக்கும் பங்கைக் கொடுத்தால் மாடவீதி வீடு அவருக்கு. இல்லாவிட்டால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வதாம். என் முன்பணத்தை அப்படியே தம்பிகளிடம் கொடுத்துவிட்டார். "பத்மாசனி வாழ்க்கைப்பட்டு வந்த வீடு. இனிமே எங்க கூட்டிண்டு போவேன்?" நிலத்தைத் தவிர அவருக்கு விற்க ஒன்றுமில்லை.

மார்ச் 12

ஹம்ஸா லேப்டாப்பில் காட்டினாள். பிளவு மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. புள்ளிகள் மலையை விட்டு விலகிச் சாய்வாக வந்து, சம்பத்குமாரின் நிலத்துக்கு நேர் கீழே ஒரே கோடாக வரிசை கட்டி நிற்கின்றன.

"அங்க கட்டலாமா?"

"ரொம்ப ஆழத்துல இருக்கு மேடம். மேல வரைக்கும் வருதான்னு தெரியல. பெருசா ஆடும்னும் சொல்ல மாட்டேன், ஆடாதுன்னும் சொல்ல மாட்டேன். ஆளுங்க வேலை செய்யுற கட்டடம்னா தள்ளிக் கட்டுங்க."

நிலத்துக்காரரிடம் சொல்லவேண்டும் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 13

தரகர் ஐயாதுரைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அக்கா, ஊருக்குள்ள மெல்லப் பேச்ச விடுவோம். பாதி விலைக்கு முடிச்சிரலாம். அவிய வேற யாருக்கு விப்பாக?"

வியாபாரமாகப் பார்த்தால் தப்பில்லை. துணி மூட்டை சுமந்து பஸ் ஏறிய நாளிலிருந்து நான் வாங்கியதெல்லாம் அடுத்தவர் அவசரத்தில்தான். ஆனால் கருவியை அங்கே அனுப்பியது யார்? நான். என் தறி நிற்கக் கூடாதென்று. அனுப்பாமல் இருந்தால் மட்டும் கோடு இடம் மாறியிருக்குமா — பொன்மணியைக் கொண்டுபோய் அதன் மேலேயே உட்கார வச்சிருப்பேன். என்ன எழவு இது, ரெண்டு பக்கமும் இழுக்குது.

மார்ச் 14

ஐயாதுரையை வரவேண்டாம் என்றேன்.

மார்ச் 16

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பத்குமார் திண்ணைக்கு வந்து மலைப் பக்கம் பார்த்தார். பிறகு, "ஏம்மா, மலை அவ்ளோ நீளம் கெடக்கு. அந்தக் கோடு என் நெலத்துலயா வந்து படுத்துக்கணும்?" என்றார். உள்ளேயிருந்து பத்மாசனி மாமி சிரித்தார். சம்பத்குமாரின் குரல் மாறிவிட்டது. "முன்பணத்தைத் திருப்பிடறேன். கொஞ்சம் அவகாசம் குடுங்கோ." எதிலிருந்து திருப்புவார்? கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 19

தறிக்காரிகளிடமும் சொன்னேன். மறைத்துக் கூட்டிப்போக மனம் வரவில்லை. "கூடம் அங்கனன்னா நாங்க வரலக்கா" என்றாள் பொன்மணி. தெரிந்ததுதான்.

வெளுத்த துணி காயப்போட நான் வாடகைக்கு எடுத்திருக்கும் களத்தைப் பிளாட் போடப்போகிறார்கள். மழைக்கு முன் வேறு களம் வேண்டும். வெயிலும் கம்பும் கயிறும் போதும், சுவர் வேண்டாம். "கூடம் இல்லட்டி. துணி காயப்போடுற களம்னா?" என்று கேட்டேன்.

"மேல வானம்தான. அது விழுந்தா எங்க தலையில மட்டுமா விழும்? வாரோம்."

கூடத்துக்கு வேறு இடம் தேடவேண்டும். அது என் பாடு.

மார்ச் 22

துணி காயப்போடும் களத்துக்கு அந்த நிலத்தையே கேட்டு மாடவீதி போனேன். நான் முப்பத்துநாலு லட்சம் என்றேன். மாமி உள்ளேயிருந்து முப்பத்தெட்டு என்றார்.

பேசி முடித்தது: முன்பு பேசிய நாற்பது லட்சத்துக்கு முப்பத்தாறு. முன்பணம் அதில் கழியும். மீதி பதிவு நாளன்றே, சித்திரை பிறக்கும் முன். நிலத்தில் கூரை போடுவதில்லை. அடியில் கோடு போவதைப் பத்திரத்திலேயே எழுதுவது. எனக்குப் பின் வாங்குகிறவனுக்கும் தெரியவேண்டும். கருவி இருக்கும் மூலை ஹம்ஸாவுக்கு, வேண்டிய மட்டும், வாடகை இல்லை.